கலாவுக்கு, கண்ணு விஷயமா

கலா,

நல்லா இருக்கியா, அண்ணன், பிள்ளைக எல்லாம் சௌக்கியமா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எங்க அத்தைக்கு முட்டி வலி, இவருக்கு வழக்கம்போல சுகர், பையன் பெங்களூர்ல இருக்கான், போன் பண்ணுனா எடுக்க மாட்டான். விசாரிப்பு முடிஞ்சது, இப்ப திட்டிக்கோ. தீபாவளிக்கு அனுப்புனதுல இருந்து உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன், பதில்தான் போடல. சுகுணாட்ட "அவ பெரிய ஆளாயிட்டா"ன்னு சொன்னியாமே, அவ உடனே எனக்கு போன் பண்ணி ஒப்பிச்சுட்டா, உனக்கு இன்னும் அவளப் பத்தித் தெரியல பாரு. போன் ஸ்கிரீனக் கொஞ்ச நேரம் பாத்தா கண்ணு எரியுது டீ, அவ்வளவுதான் விஷயம். இதக்கூட எழுத்தப் பெருசா வச்சுக்கிட்டு, கொஞ்சம் டைப் பண்றது, கண்ண மூடி உக்காந்துக்கிறது, திரும்பக் கொஞ்சம்னு எழுதுறேன், அதனால முன்னப்பின்னதான் இருக்கும், சகிச்சுக்கோ.

காலண்டர் சீசன்லதான் ஆரம்பிச்சது. உனக்குத்தான் தெரியுமே, ஆடிப்பெருக்குக்கு புது வருஷ காலண்டர் சாம்பிள் ஆல்பம் வந்துரும், அப்புறம் ஆர்டர் குவிஞ்சதுன்னா மார்கழி வரைக்கும் சிவகாசில எவளுக்கும் தல சீவ நேரம் இருக்காது. எனக்கு தினசரி காலண்டர் புரூஃப் பாத்துத் திருத்துற வேலை. ஒரு தாளுக்குள்ள ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம்னு எல்லாத்தையும் பொடி எழுத்துல அடைச்சு வச்சிருப்பாங்க, அந்த மாதிரி 365 தாள். திதி முடியுற மணில 3 எது 8 எதுன்னு தெரியாம மங்க ஆரம்பிச்சது. வயசாயிருச்சு, பவர் ஏறியிருக்கும்னு கண்ணாடி மாத்தினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன், கண்ணை ரெண்டு தடவ கொட்டினா எழுத்து பளிச்சுன்னு தெளியும், ஒரு வரி படிக்கிறதுக்குள்ள திரும்ப மங்கிரும். பவர் பிரச்சினையா இருந்தா கொட்டுனதும் எப்படித் தெளியும்? கண்ணாடிக் கடைத் தம்பிட்ட கேட்டேன், "உங்களுக்கு டென்ஷன் மேடம்"னான். டென்ஷன் எவளுக்கு இல்ல.

அப்புறம் காலைல எந்திரிச்சா இமை ரெண்டும் பீளை கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணி தொட்டு ஊற வச்சுத்தான் தொறக்கணும். இமை ஓரம் தடிச்சு, செவந்து, ஒரே நமைச்சல். மாசத்துக்கு ஒரு கட்டி. சாயங்காலம் ஆனா மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், அதோட தண்ணியாக் கொட்டும். நான் உக்காந்து கண்ணத் தொடைக்கிறதப் பாத்துட்டு எங்க அத்தை பக்கத்து வீட்டுல போய் "நான் ஒண்ணுமே சொல்லல, அவளா அழுகுறா"ன்னு வெளக்கம் குடுத்துட்டு வந்திருக்காங்க. ஆபீஸ்ல வேற கூத்து. மெட்ராஸ் ஐன்னு முடிவு பண்ணி, டிசைனர் பய என் மவுஸ ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சுத்தான் தொட்டான், ஓனர் தள்ளி நின்னே பேசுனாரு. ஒரு வகைல நல்லதுதான், வாழ்க்கைல மொத தடவையா அவரு கத்தாம பேசுனது அப்பதான்.

பெறகுதான் மதுரைல ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா நம்ம ஹாஸ்டல் மெஸ் அக்கா மாதிரியே இருந்தாங்க, அதே கண்டிப்பு. மொதல்ல ஒரு பேப்பர் பட்டைய மடிச்சு கீழ் இமைக்குள்ள மாட்டி விட்டாங்க, அஞ்சு நிமிஷம் அப்படியே உக்காரணும், பட்டைல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கு, கண்ணீர் எந்தக் கோடு வரைக்கும் ஊறுதுன்னு பாப்பாங்க. பத்துக்குக் கீழன்னா சந்தேகம், அஞ்சுக்குக் கீழன்னா நிச்சயமா கண்ணு காயுதுன்னு அர்த்தம். எனக்கு நல்லாவே நனைஞ்சது. அப்பாடான்னு நெனச்சேன். அடுத்து மஞ்சள் சாயம் ஒண்ணத் தொட்டு வச்சு, நீல வெளிச்சம் அடிச்சு, "கொட்டாதீங்க"ன்னுட்டு எண்ணுறாங்க. கண்ணு மேல இருக்குற கண்ணீர்ப் படலம் எத்தன செகண்ட்ல கிழியுதுன்னு அதுல தெரியுமாம், பத்து செகண்டாவது தாங்கணும். அவங்க "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க.

"உங்களுக்குக் கண்ணு வறட்சி"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தண்ணி கன்னத்துல ஓடுது, வறட்சியாம். அதுக்கு அவங்க சொன்னதுதான் உனக்கும் சொல்லணும். கண்ணீர்னா வெறும் தண்ணி இல்லியாம், அடில ஒரு வழுவழுப்பு, நடுவுல தண்ணி, மேலாக்க மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம், அந்த எண்ணெய்தான் தண்ணி ஆவியாகாம காக்குது. எண்ணெய் வர்ற சுரப்பி இமை ஓரத்துல வரிசையா இருக்கு, மேல் இமைல 25ல இருந்து 40 வரைக்கும், கீழ 20, 30. இமை வீங்கி அந்த வாயெல்லாம் அடைச்சுக்கிட்டா எண்ணெய் வராது, தண்ணி உடனே காஞ்சிரும், காஞ்சா கண்ணு எரியும், எரிஞ்சா மூளை பதறிப்போயி ஒரு கொடம் தண்ணியத் தொறந்து விட்டுரும், அந்தத் தண்ணில எண்ணெய் இல்லாததால நிக்காம கன்னத்துல வழிஞ்சிரும். இமை வீக்கமும் கண்ணு வறட்சியும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு சுத்துற சமாச்சாரம். மெய்போம்னு ஒரு ஜெர்மன் டாக்டரு 1666லயே இந்தச் சுரப்பியப் பத்தி எழுதிட்டாராம், அதுவும் ஒரு கடிதமா எழுதி வெளியிட்டாராம். நான் உனக்கு எழுதுறது ஒண்ணும் புதுசு இல்ல பாத்துக்கோ.

டாக்டரம்மா பட்ஸ வச்சு இமைய அமுக்கிக் காட்டுனாங்க. கண்ணாடில பாத்தேன். எண்ணெய் தெளிவா வரணுமாம், எனக்கு மார்கழிக் காலைல பாட்டில்ல உறைஞ்சு கெடக்குற தேங்காயெண்ணெய் மாதிரி வெள்ளையா, கெட்டியா, நூலு நூலா வந்துச்சு. அதுக்கு வைத்தியமும் அதேதான், சூடு காட்டி உருக்கணும். சின்ன வயசுல கண்ணுல எதும் பட்டா எங்கம்மா முந்தானைய சுருட்டி வாயில வச்சு ஊதி ஊதி ஒத்தி எடுப்பாங்களே, அத டாக்டரம்மாட்ட சொன்னேன், "ஐடியா சரிதான், ஆனா அந்தச் சூடு பத்தாது, 40 டிகிரி கிட்ட அஞ்சு பத்து நிமிஷம் நிக்கணும்"னாங்க.

அதனால இப்ப காலைல பாலு காயுறப்பவே எனக்குன்னு ஒரு கிண்ணம் வெந்நீரும் காயும். பையனோட பழைய பனியன் துணி, பெரியாஸ்பத்திரி பேஷண்டு மாதிரி கண்ணு மேல போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பேன், ஆறிரும், திரும்பப் பிழிஞ்சு போடணும். அப்புறம் வெரல் நுனியால மேல் இமைய மேலருந்து கீழ, கீழ் இமையக் கீழருந்து மேல, முடி வரிசையப் பாத்து மெதுவாத் தடவி எறக்கணும், முழிய அமுக்கப்படாது. கடைசியா இமை முடி அடிய நுரை மருந்து தொட்டுத் தொடைக்கணும். முன்னாடியெல்லாம் பேபி ஷாம்பூவத் தண்ணில கலந்து தொடைக்கச் சொல்வாங்களாம், இப்ப அதுக்குன்னே பாட்டில் வருது. மொத வாரம் ஒரு மண்ணும் தெரியல, சண்ட போடலாம்னுதான் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன், "பல்லு வெளக்குறதுக்கு பலன் எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. வச்சுட்டேன்.

பூச்சி கதையச் சொல்ல மறந்துட்டேன். இமை முடி அடில கண்ணாடி மாதிரி சின்னச் சின்னதா செதில் இருந்தா டெமோடெக்ஸ்னு ஒரு பூச்சி இருக்குன்னு அர்த்தமாம், ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வயசாக ஆக அனேகமா எல்லார் மூஞ்சிலயும் இருக்குமாம், அளவு மீறுனாத்தான் தொல்லை. எனக்கும் செதில் இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுல இருந்த தலகாணி உறை, போர்வை, துண்டு எல்லாத்தையும் கொதிக்குற தண்ணில போட்டு எடுத்தேன், அத்தை "யாருக்கு அம்மை?"ன்னு கேட்டாங்க. சுகுணா உடனே டீ ட்ரீ ஆயில் வாங்கி அப்படியே தடவுன்னா. அவ பேச்சக் கேட்டுராத, நேரடியா தொட்டா கண்ணு வெந்துரும், அளவாச் சேர்த்த துடைப்பான் தனியா இருக்கு. அத்தை பங்குக்கு நந்தியாவட்டைப் பூ. கண்ணு மேல வச்சுக்கிட்டேன், குளிர்ச்சியா இருந்துச்சு, அவங்களுக்கும் சந்தோஷம். வெளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுன்னாங்க, அதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டேன். இவரு தங்கச்சி சிங்கப்பூர்ல இருந்து டப்பா டப்பாவா மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பி விட்டுச்சு. அமெரிக்காவுல 535 பேர வச்சு ஒரு வருஷம் பாத்திருக்காங்க, மூணுல ரெண்டு பங்கு பேருக்கு மீன் எண்ணெய், மிச்சப் பேருக்கு ஆலிவ் எண்ணெய், ரெண்டு பக்கமும் கண்ணுத் தொந்தரவு கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கொறஞ்சிருக்கு, 2018ல வந்த ஆராய்ச்சி, என் பையன் தேடி எடுத்துப் படிச்சுக் காட்டுனான். அத நாத்தனாகிட்ட யாரு சொல்றது, இவரு சாப்புடுறாரு.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன், இதுல வெளையாட்டு இல்ல. பொங்கலுக்கு அனுப்புன மெசேஜ்ல சொன்னியே, உனக்கும் கண்ணு செவக்குது, தெரு முக்கு மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தான், போட்ட அன்னிக்கே கண்ணு வெள்ளையாயிருது, செவந்தா அதையே வாங்கி விட்டுக்கிறேன்னு. பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு கண்ணாடியப் போட்டுப் படிச்சுப் பாரு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், இதுல எதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. வீக்கத்த அமுக்குறதால ஒரே நாள்ல வெளுத்துரும், நிறுத்துனா திரும்பி வரும், நீ திரும்ப வாங்குவ. வாரக்கணக்கா விட்டுக்கிட்டே இருந்தா சில பேருக்குக் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், வலிக்காது, ஒண்ணும் தெரியாது, நரம்பு போனப்புறம்தான் பார்வை ஓரத்துல கொறையுறது தெரியும், போனது வராது. புரையும் சீக்கிரம் விழும். எனக்கும் டாக்டரம்மா லேசான ஸ்டீராய்டு குடுத்தாங்கதான், ஆனா ரெண்டு வாரம், அதுவும் கொறச்சுக் கொறச்சு, நடுவுல பிரஷர் பாத்துட்டு. நீ எத்தன மாசமா விடுறன்னு எனக்குத் தெரியல. நீயாவும் எதுவும் செஞ்சுக்காத, பாட்டிலக் கையில எடுத்துக்கிட்டு இந்த வாரமே ஒரு கண் டாக்டர்ட்டப் போ, எத்தன நாளா விடுறன்னு மறைக்காம சொல்லு, பிரஷர் பாக்கச் சொல்லு. உங்க பெரியம்மாவுக்குப் பார்வை எப்படிப் போச்சுன்னு நீதான் ஹாஸ்டல்ல சொல்லிச் சொல்லி அழுவ. அந்த மாதிரி கண்ணு நரம்பு போற வியாதிக்குப் பேருதான் க்ளாகோமா, வீட்டுல யாருக்காவது அது இருந்தா இது இன்னும் ஆபத்து டீ.

செயற்கைக் கண்ணீர்னு எழுதிக் குடுத்தா அது வேற, அது பயமில்ல. ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல விடணும்னா பிரிசர்வேட்டிவ் இல்லாதத வாங்கு, அந்தக் கெடாம வைக்கிற மருந்தே கண்ண இன்னும் எரிக்கும். சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பியா வரும், வெல கூடத்தான், நானும் பொலம்பிக்கிட்டேதான் வாங்குறேன். தொறந்ததுக்கு அப்புறம் நாளைக்குன்னு எடுத்து வைக்காத, நுனிய இமைல படவிடாத. 2023ல அமெரிக்காவுல ஒரு கண்ணீர் மருந்துல கிருமி கலந்து சில பேருக்குப் பார்வையே போச்சு, நாலு பேரு செத்தாங்க, அது நம்ம சென்னைப் பக்கம் தயாரானதுதான். கண்ணுல விடுறது சின்ன விஷயம் இல்ல.

இன்னொண்ணு. நமக்கு வயசு அதான், மாசவிலக்கு நிக்கிற நேரத்துல இது கூடுமாம். நீ தும்மலுக்குத் தெனம் போடுற மாத்திரையும் கண்ணக் காய வைக்கும், அதையும் சொல்லு. வாய் காயுதா, மூட்டு வலிக்குதான்னு கேப்பாங்க, இருந்தா ஒளிக்காத, ஷோக்ரன்னு ஒரு வியாதி இருக்கு, நம்ம ஒடம்பே நம்ம சுரப்பியத் தாக்குறது, பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் யாருட்டயும் வாயத் தொறக்கல, இவருட்டக்கூட. இல்லன்னு வந்துருச்சு.

ஆனா இமைக்குள்ள படம் எடுத்ததுல நடுநடுவுல சுரப்பி இல்லாம வெறும் எடமா இருக்கு கலா. செத்தது திரும்ப மொளைக்காதாம், இருக்குறதக் காப்பாத்தலாம், அவ்வளவுதான். அன்னிக்கு பஸ்ல வரும்போது ரொம்ப வெறுப்பா இருந்துச்சு. இதுல உசுருக்கு ஆபத்து இல்ல, பார்வை போகாது, அதனால இது ஒரு வியாதின்னு யாரும் எண்ணுறதே இல்ல. "கண்ணு எரிச்சல்தான, தூங்கு சரியாயிரும்"னு இவரு சொல்றாரு. நாள் பூரா எரியுறது எவ்வளவு அலுப்புன்னு எப்படிச் சொல்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யார் பேசுனாலும் எனக்குக் கோவம் வருது, காரணம் கண்ணுன்னு எனக்கே மெதுவாத்தான் புரிஞ்சது. உன்ட்டதான் சொல்றேன், சுகுணாட்ட போகக்கூடாது.

இப்ப எவ்வளவோ பரவாயில்ல. கட்டி வர்றது நின்னுருச்சு. காலைல இமை ஒட்டுறதில்ல. ஏசி காத்து நேரா மூஞ்சில அடிச்சுக்கிட்டு இருந்தது, ஓனர்ட்ட சொன்னா "மெஷினுக்குத்தான் ஏசி, உனக்கில்ல"ன்னாரு, நானே ஒரு ஆடிச் சாம்பிள் அட்டைய எடுத்து, பிள்ளையார் படம் போட்டது, ஏசி வாய்ல டேப் போட்டு ஒட்டிட்டேன். சாமி படத்த எடுக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் வரல. மானிட்டரக் கண்ணு மட்டத்துக்குக் கீழ எறக்கி வச்சிருக்கேன், மேல பாத்தா கண்ணு அதிகமாத் தொறந்து சீக்கிரம் காயும். அப்புறம் கண்ணக் கொட்டுறது. ஸ்கிரீனப் பாக்கும்போது நாம கொட்டுறதே கொறஞ்சு போகுது, கொட்டுனாலும் அரைக் கொட்டு, கீழ் இமை வரைக்கும் மூடுறதில்ல. முழுசா மூடித் தொறந்தாத்தான் எண்ணெய் வெளிய வரும். அதனால ஒவ்வொரு தாளு முடிஞ்சதும் ராகு காலத்துக்கு ஒரு தடவ, எமகண்டத்துக்கு ஒரு தடவன்னு நல்லா இறுக்கி மூடித் தொறப்பேன். புதுசா வந்த பொண்ணு நான் பிரார்த்தனை பண்றேன்னு நெனச்சுட்டு ஆபீஸ் பூரா மெதுவாப் பேசுது.

பங்குனில தேன்மொழி பொண்ணு கல்யாணம், பத்திரிகை வந்திருக்கும். மை போட்டுக்கலாமான்னு டாக்டரம்மாட்ட கேட்டேன், இமை உள் ஓரத்துல இழுக்காதீங்க, சுரப்பி வாயெல்லாம் அடைச்சிரும், வெளிய லேசா போட்டுக்கோங்க, ராத்திரி சுத்தமாத் தொடைங்கன்னாங்க. அதனால நான் இந்தத் தடவ அரை அலங்காரம்தான், நீயும் அப்படியே வா, தேன்மொழி மட்டும் தனியா மின்னட்டும். பொதிகை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுரு, சிவகாசில எறங்கு, விருதுநகர்ல எறங்கி பஸ்ஸுக்கு நிக்காத. இவர வண்டியோட அனுப்புறேன். வரும்போது எனக்கு மாம்பலத்துல அந்த நைட்டிக் கடையில ரெண்டு, கலரு நீயே பாத்து எடு, பச்சை மட்டும் வேண்டாம், ஏன்னு உனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு என்ன சொன்னாங்கன்னு வாய்ஸ்ல அனுப்பு, டைப் பண்ணாத.

உன்
ராஜி