சார் நம்மோடுதான் இருக்கிறார்

வட கரோலினாவின் சார்லட் நகரத் தமிழ்ப் பெற்றோருக்கும் கூட நின்ற எல்லோருக்கும்,

நம் பிள்ளைகளின் கறுப்பின ஆசிரியரான சார், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த ஆண்டும் நான்காம் வகுப்பு அவருக்குத்தான். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நன்றியை உடனே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். களைத்துப்போய் அவர் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்திருந்தோம். மனுவில் கையெழுத்திட்டவர்கள், லீவு போட்டுக் கூட்டத்துக்கு வந்து பேசியவர்கள், தன்னைப் போன்ற ஆண் ஆசிரியர்களோடு மனம்விட்டுப் பேச அவருக்கு இடம் கொடுத்த ‘புரஃபவுண்ட் ஜென்டில்மென்’ அமைப்பினர், கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ‘கால் மீ மிஸ்டர்’ ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் அவரோடு படித்து இன்றும் இரவில் போன் போட்டு விசாரிக்கும் தோழர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். பள்ளி அலுவலகத்தில் முன்மேசையில் இருக்கும் அம்மா.

சாரின் வகுப்பில் உதவியாளராக இருப்பதால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அவர் களைத்துப்போனது பாடம் நடத்தி அல்ல. எந்த வகுப்பில் எந்தப் பையன் முரண்டு பிடித்தாலும் “அவரிடம் அனுப்புங்கள், அவர் பார்த்துக்கொள்வார்” என்பார்கள். கறுப்பினப் பையன் என்றால் கேட்கவே வேண்டாம். பாடம் தயாரிக்கக் கிடைக்கும் ஒரே பீரியடும் அதிலேயே போய்விடும். அதற்குச் சம்பளமும் கிடையாது, பேரும் கிடையாது.

அந்த அம்மா யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாரின் ஃப்ரீ பீரியட் எப்போது என்று எழுதித் தன் மேசையில் ஒட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் வரும் பையனை வழியிலேயே நிறுத்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு, வீடுகளுக்கு அனுப்பும் கடிதங்களை மடிக்கச் சொல்வார். நாலைந்து மடிப்பதற்குள் பையன் பேச ஆரம்பித்துவிடுவான். சிலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பது அப்போதுதான் தெரியும். மேசை டிராயரில் பிஸ்கட் இருக்கும்.

சாருக்கு அவருடைய நேரம் திரும்பக் கிடைத்தது. பின்னக் கணக்குக்காகக் கலர் காகிதத்தை அரை, கால், அரைக்கால் என்று பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவர் வேலைநேரத்தில் பாடி நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையில் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்திருந்தால், மிக ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பையன்கள் பள்ளிப்படிப்பைப் பாதியில் விடுவது 39 சதவீதம் குறைந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் இதே வட கரோலினாப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்குச் சேர்க்கிறார்கள், சரி. சேர்த்த பிறகு பாடம் நடத்த விட வேண்டாமா?

வரும் ஆண்டு இன்னும் இரண்டு கறுப்பின இளைஞர்கள் ஆசிரியர்களாகச் சேருகிறார்கள். அவர்களுடைய ஃப்ரீ பீரியடுக்கும் காவல் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மதியம் அந்த அம்மாவோடு நான் உட்காரப் போகிறேன். பகலில் நேரம் கிடைப்பவர்கள் சொல்லுங்கள். தன்னார்வலர் பதிவையும் பின்னணிச் சரிபார்ப்பையும் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடலாம்.