பேத்தியைக் கடலிலிருந்து மறிக்காதே

வல்வெட்டித்துறை

அன்பின் மச்சான்,

உன் நீண்ட கடிதமும், பேத்தி சறுக்குப் பலகையை அணைத்துக்கொண்டு நிற்கிற படமும் கிடைத்தன. அப்படியே அம்மம்மாவின் சாயல். நாங்கள் எல்லோரும் சுகம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்துவிட்டது. பின்னேரங்களில் கரையில் போய் இருக்கக்கூடியதாக இருக்கிறது.

பேத்தியைக் கடலில் அலைச்சறுக்கப் போகவிடலாமா, சுறாவுக்குப் பயமாக இருக்கிறதே என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவளை மறிக்காதே. மகளும் மருமகனும் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. அம்மப்பா சொன்னால் கேட்பாள் என்று உன்னை முன்னுக்கு விடுகிறார்கள். ஆனால் பதினாறு வயதில் கடல்மேல் ஆசைப்பட்ட பிள்ளையை மறித்தால், சொல்லாமல் போவாள், தனியப் போவாள். நான் பயப்படுவது அந்தத் தனிமைக்குத்தான்.

"மூக்கில் குத்தினால் சுறா ஓடிவிடுமாமே, அதைச் சொல்லிக் கொடுக்கவா?" என்று எழுதியிருந்தாய். சொல்லிக் கொடு. ஆனால் அது கடைசியில் வருகிற விஷயம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நிறைய இருக்கிறது. விலங்கியல் படிப்பித்த காலத்தில் வகுப்பில் சொல்லக் கிடைக்காத பலதை உனக்கு எழுதுகிறேன்.

பயத்தின் அளவை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுவதும் நடக்கும் சுறாக்கடிகளைப் பதிந்து வருகிறது. ஆக்கள் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் 2023இல் 69. அதில் இறந்தவர்கள் 10 பேர். 2024இல் 47 சம்பவம், 4 பேர் இறப்பு. தூண்டிலில் பிடிபட்ட சுறாவைக் கழற்றும்போது கடிபடுவது இந்தக் கணக்கில் வராது. எங்கள் நாட்டில் தண்ணீரில் மூழ்கி மட்டும் வருடந்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் சாகிறார்கள். அதை நினைத்தால் அவள் பலகையில் ஏறமுதல் நன்றாக நீந்தவும், கடலுக்குள் இழுக்கிற நீரோட்டத்தை அடையாளம் காணவும் படிக்கவேண்டும் என்பதுதான் என் முதல் நிபந்தனை.

ஆனாலும் உன்னை ஏமாற்றக் கூடாது. கடிபட்டவர்களின் பட்டியலில் அமெரிக்காவுக்கு அடுத்து நிற்பது நீ இருக்கிற அவுஸ்திரேலியா. சிட்னியில் 1963க்குப் பிறகு ஓர் உயிரும் போகாமல் இருந்து, 2022 பெப்ரவரியில் லிட்டில் பேயில் ஒருவர் இறந்தார். 2025 செப்டம்பரில் டீ வை கடற்கரைப் பக்கம் அலைச்சறுக்கு வீரர் ஒருவர். நீங்கள் இருக்கிற, சிட்னியின் வடகரைதான் அது. ஆகவே உன் மகளின் பயம் வெறும் கற்பனையில்லை.

ஐந்நூறுக்கு மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. மனிதரைக் கடித்துக் கொன்றவற்றில் பெரும்பாலானவை மூன்றே இனம்: வெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா. காளைச்சுறா ஆற்றுக்குள்ளும் ஏறும். சிட்னித் துறைமுகத்துக்குள்ளும் பிறிஸ்பேன் ஆற்றிலும் அது உண்டு. வெள்ளைச் சுறா குளிர்ந்த நீரை விரும்புவது. எங்கள் பாக்குநீரிணை ஆழம் குறைந்த, சூடான கடல். இங்கே பெடியள் சுறாவை நினைத்துத் தண்ணீரில் இறங்கத் தயங்கியதேயில்லை. எங்களுக்குச் சுறா என்றால் பிள்ளை பெற்றவளுக்கு உள்ளி நிறையப் போட்ட பால்சுறா வறை. இங்கத்தைய கடற்றொழிலாளியைக் கேட்டால் திருக்கை முள்ளுக்குத்தான் கூடப் பயப்படுவான். அதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது: மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் சுடுநீருக்குள் காலை வைத்தால் வலி குறையும்.

மன்னாரில் முத்துக்குளித்த காலத்தில் மட்டும் சுறாப்பயம் ஒரு தொழிலையே வளர்த்திருக்கிறது. கடலைக் கட்டுகிறவர்கள் என்று பரம்பரைக் குடும்பம் ஒன்று இருந்தது. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவர்கள் வேலை. அவர்கள் வராமல் குளிகாரர் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் ஆங்கில அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படி மந்திரிப்பவர்களுக்குப் போனதை எழுதி வைத்திருக்கிறார். அந்த மந்திரம் இறங்குகிறவனுக்குப் பதற்றத்தைக் குறைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பதறாமல் இருப்பது தண்ணீருக்கடியில் பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு குளிகாரனுக்கும் வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது அசைந்த உடனே மேலே இழுக்க ஒருவன் நின்றான். உயிரைக் காத்தவன் அவன்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர்க்காரரையே எடு. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் இங்கிருந்து கோடிக்கரைக்குப் போய்த் திரும்பவும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலத்தில். அவர்களைப் போன்ற வீரர்களே பக்கத்தில் படகு இல்லாமல் இறங்கவில்லை. எங்கள் ரேவடிக் கடற்கரையில் ஆனந்தனின் பெயரில் இருக்கிற நீச்சல் தடாகத்துக்குப் போகிற சிறுவர்களைக் காணும்போதெல்லாம் இதை அவர்களுக்குச் சொல்லுகிறேன்.

இனிப் பேத்திக்கு. விடியப்புறமும் மைம்மலிலும் கடலில் இருக்க வேண்டாம், சுறா இரைதேடும் நேரம் அது. பெரிய மழைக்குப் பிறகு கலங்கிய தண்ணீரில், அதுவும் ஆற்றுமுகத்துக்குக் கிட்ட, இறங்கவே வேண்டாம். காளைச்சுறாவுக்குப் பிடித்த இடம் அது. அவளும் அதைக் காணமாட்டாள், அதற்கும் அவள் ஆளா மீனா என்று தெரியாது. கடற்பறவைகள் கூட்டமாக விழுந்து எழும்புகிற இடத்தில் கீழே மீன்கூட்டம் இருக்கும், மீன் இருக்கிற இடத்துக்குச் சுறாவும் வரும். ஓங்கில் (டொல்பின்) துள்ளினால் சுறா இல்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் இருக்கிறது. பிழை. இரண்டும் ஒரே மீனைத்தான் தேடி வருகின்றன. மினுங்குகிற காப்புச் சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொல்லு, மீன் செதில் போலத் தெரியும். 1937 முதல் சிட்னிக் கரைகளில் வலை போடுகிறார்கள் என்பதை நம்பிவிடாதே. அது கரையை அடைத்து மூடுகிற வலையில்லை, சுறா மேலாலும் பக்கத்தாலும் வரும். பாவம், ஆமையும் ஓங்கிலும் அதில் மாட்டிச் சாகின்றன. அதைவிட ட்ரோன் பறக்கவிட்டுக் கண்காணிக்கிற கரையும், சுறா வந்ததை உடனே கைத்தொலைபேசியில் அறிவிக்கிற அரசாங்கச் செயலியும் நல்லவை. மின்புலத்தால் சுறாவை விலக்கும் கருவிகளும் விற்கிறார்கள். பிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பலகையில் பூட்டும் ஒரு கருவி வெள்ளைச் சுறா இரையை எடுப்பதை 96 வீதத்திலிருந்து 40 வீதத்துக்குக் குறைத்தது. மற்றக் கருவிகள் பெரிதாக உதவவில்லை. 40 வீதம் இன்னும் மிஞ்சுகிறது என்பதை மறக்காமல் வாங்கு.

சுறாவைக் கண்டுவிட்டால் என்ன செய்வது? அடித்துப் பதறி நீந்தக் கூடாது. சுறாவின் உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற பக்கக்கோடு அதிர்வை உணரும். தத்தளிக்கிற அசைவு காயப்பட்ட மீனின் அசைவைப் போல அதற்குப் படும். முதுகைக் காட்டவும் கூடாது. அது எங்கே திரும்பினாலும் அதை முகம்பார்த்துத் திரும்பி, கண்ணை எடுக்காமல், பலகையை இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கரைப் பக்கம் வரவேண்டும். சுறா பதுங்கி வந்து பிடிக்கிற விலங்கு. இரை தன்னைக் கண்டுவிட்டது என்றால் பல வேளைகளில் விலகிப் போகும். பாறை கிட்ட இருந்தால் முதுகை அதில் கொடுக்கலாம், பின்பக்கத்துக் கவலை இல்லாமல் போகும். செத்தவள் போல் மிதப்பது மட்டும் ஆகாது.

அதையும் மீறிக் கிட்ட வந்தால், அப்போது அடிக்கத்தான் வேண்டும். மூக்குமுனையில் களி நிரம்பிய சின்னத் துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இத்தாலியர் லொரென்சினி 1678இல் அவற்றை விவரித்தார். இரையின் உடம்பில் ஓடுகிற மிகச் சிறிய மின்சாரத்தைக்கூட அவற்றால் உணரமுடியும். அதனால் மூக்கில் படுகிற அடி அதற்கு உறைக்கும். ஆனால் தண்ணீருக்குள் கையின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். மூக்குக்குக் கீழேதான் வாய், வழுக்கினால் கை பல்லுக்குள் போகும். வெறுங்கையைவிடப் பலகை, கமரா, தடி என்று கையில் கிடைத்ததால் குத்தித் தள்ளுவது நல்லது. கடித்துப் பிடித்துவிட்டால் கண்ணையும் செவுளையும்தான் தேடவேண்டும். அந்த இரண்டும் மெல்லிய இடங்கள். விடுமட்டும் தோண்டவேண்டும், ஓயக்கூடாது.

நடந்தவற்றைச் சொன்னால் அவளுக்கு மனதில் பதியும். 1963 டிசம்பரில் தென் அவுஸ்திரேலியாவின் அல்டிங்கா கரையில் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் ரொட்னி பொக்ஸ் என்பவரை வெள்ளைச் சுறா நெஞ்சோடு பிடித்தது. கண்ணைத் தோண்டித்தான் தப்பினார். பிறகு அவரே சுறாவைப் பார்க்க இரும்புக்கூடு செய்து, சுறாக்களைக் காக்கவேண்டும் என்று பேசி வந்தார். 2015 ஜூலையில் தென்னாபிரிக்காவின் ஜெப்ரீஸ் பே அலைச்சறுக்குப் போட்டியில் அவுஸ்திரேலிய வீரர் மிக் பானிங்கை நேரடி ஒளிபரப்பின் நடுவிலேயே சுறா நெருங்கியது. குத்திப் போராடினார், படகு விரைந்து வந்து ஏற்றியது, ஒரு கீறல் இல்லை.

மூன்றாவது கதை ஹவாயில், 2003 ஒக்டோபர் 31. அலைச்சறுக்குக்காரி பெத்தனி ஹாமில்டனுக்கு அப்போது 13 வயது. புலிச்சுறா இடது கையைத் தோளோடு கொண்டுபோய்விட்டது. குத்துவதற்கு அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவளைக் காப்பாற்றியது பக்கத்தில் சறுக்கிக்கொண்டிருந்த சிநேகிதியின் தகப்பன். பலகைக் கயிற்றால் தோளடியை இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உடம்பின் இரத்தத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு மாதத்துக்குள் பிள்ளை திரும்பவும் கடலில் இறங்கினாள்.

மச்சான், நான் இந்தக் கடிதத்தை எழுதியதே இதற்காகத்தான். சுறா கடித்தவர்கள் பெரும்பாலும் இரத்தம் போய்த்தான் சாகிறார்கள். தொடையின் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடம்தான். அம்புலன்ஸ் அதற்குள் வராது, கூட இருக்கிறவர்கள்தான் நிறுத்தவேண்டும். கரைக்கு இழுத்த உடனே, அந்த மணலிலேயே, துவாயோ சட்டையோ எது கிடைத்தாலும் காயத்துக்குள் வைத்து முழுப்பலத்தோடு அழுத்தவேண்டும். கையிலோ காலிலோ என்றால் காயத்துக்கு மேலே, நெஞ்சுப் பக்கமாக, டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டியைக் கட்டி இரத்தம் நிற்குமட்டும் முறுக்கவேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, வைத்தியர் வருமட்டும் அவிழ்க்காமல் விடவேண்டும். வலிக்கிறது என்று கத்தினாலும் தளர்த்தக் கூடாது.

தொடைக்குப் பலகைக் கயிறு அவ்வளவு காணாது. கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தைச் சேர்ந்த ஒருவர், தானும் அலைச்சறுக்குக்காரர், 2021இல் இதைச் சோதித்து வெளியிட்டார். காயப்பட்டவரை மல்லாத்திக் கிடத்தி, இடுப்பெலும்புக்கும் மறைவிடத்துக்கும் நடுவில், கவட்டு மடிப்பில், கை முட்டியை ஊன்றி, கையை மடக்காமல் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினால், கயிற்றால் கட்டுவதைவிட இரத்த ஓட்டம் நன்றாக நிற்கிறது. ஒரு சாமானும் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் பழக்கலாம். அழுத்திக்கொண்டே மற்றவரை அவசர இலக்கமான 000க்கு எடுக்கச் சொல்லவேண்டும். உடம்பைப் போர்த்திச் சூடாக வைத்திரு. நீச்சல் உடையைக் கழற்ற முயலாதே, அது காயத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். சின்னக் கடியென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கடல் கிருமி ஏறும்.

எனவே அவள் மட்டும் படித்தால் காணாது. அவளோடு போகிற பெட்டைகள் நால்வரும் படிக்கவேண்டும். காயப்பட்டவள் தன் தொடையைத் தானே அழுத்த முடியாது. நீ செய்யவேண்டிய உதவி இதுதான்: அவர்கள் எல்லோரையும் ஒன்றாக ஒரு முதலுதவி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போ, காசை நீ கட்டு. நல்ல டூர்னிகே இரண்டு வாங்கி ஒன்றைக் காரிலும் ஒன்றைக் கரைக்குக் கொண்டுபோகும் பையிலும் வை. கட்டிப் பார்த்துப் பழகச் சொல்லு.

சுறாவைப் பற்றி அவள் வெறுப்போடு வளரக்கூடாது என்பதும் எனக்கு ஆசை. 2013இல் வந்த ஒரு கணிப்பின்படி மனிதர் வருடத்தில் ஏறத்தாழ 10 கோடி சுறாக்களைக் கொல்கிறார்கள். இங்கே இழுவைமடி கடலின் அடியையே வாரிக்கொண்டு போகிறது. நாங்கள் சின்னனில் கண்ட கொம்பன் சுறாவும் வாள்மூக்கு வேளாவும் இப்போது சந்தைக்கு வருவதைக் காணவில்லை. நீண்ட வாலுள்ள கசாறிச் சுறாவைப் பிடிப்பதை இலங்கை 2012இல் தடை செய்தது நல்ல காரியம், இன்னும் வேண்டும்.

ஊர்ப்புதினம் அதிகமில்லை. மூத்தவனுக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, மற்றும்படி நல்லாயிருக்கிறாள். நீ ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய். பலாலிக்கே விமானம் வருகிறது, கொழும்பில் இறங்கி அலையாதே. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. வகுப்பு முடிந்ததும் அவளைக் கொண்டே எனக்கு ஒரு கடிதம் எழுதுவி, இரத்தத்தை எங்கே எப்படி நிறுத்துவது என்று தன் வார்த்தையில் எழுதட்டும், நான் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்