அந்தப் பசுமை அணை தந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். பாறை அடுக்குகளை விளக்கிய விதம் அருமை. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியை அப்படியே விட மனம் வரவில்லை. அங்கே ஓடும் கொலராடோ ஆற்றின் கரைப் புதர்களைக் காட்டி, 'மனிதக் கை படாத பசுமை' என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பசுமையில் பெரும்பகுதி மனிதக் கையால் வந்ததுதான்.

ஆற்றின் மேல்பகுதியில் கிளென் கேன்யன் அணை 1963இல் தண்ணீரை மறிக்கும்வரை, ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் பனி உருகிப் பெருவெள்ளம் வரும். கரையோரத்தில் முளைத்ததையெல்லாம் வேரோடு வாரிக்கொண்டு போகும். அதனால் மெஸ்கீட் மரங்களும், பூனை நகம்போல் வளைந்த முள்ளுள்ள அக்கேசியாவும் வெள்ளம் தொடும் உயரத்தில் கோடு போட்டாற்போல வளர்ந்தன. (மெஸ்கீட் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், அங்கே அது மண்ணின் மரம்.) அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஆனால் வெள்ளம் எட்டாததால் அங்கே புதுக் கன்றுகள் முளைப்பது அரிதாகிவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். அதற்குக் கீழே, முன்பு வெறும் மணலாகக் கிடந்த பட்டையில் நிற்பவைதான் உங்கள் படத்துப் புதர்கள். 1890 வாக்கில் ரயில் பாதைக்கு அளவெடுக்கப் போன ஸ்டான்டன் குழு எடுத்த படங்களையும், நூறு ஆண்டு கழித்து அதே இடங்களில் எடுத்த படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தெரியும்.

அந்தப் பட்டையில் அந்த மண்ணுக்கே உரிய வில்லோ புதரோடு, வெளியிலிருந்து வந்த டாமரிஸ்க் என்ற புதர்மரமும் மண்டியிருக்கிறது. சரி, வெட்டிவிடலாமே என்றால், அழியும் நிலையிலுள்ள ஓர் ஈப்பிடிப்பான் பறவை அதிலும் கூடு கட்டுகிறது. எளிதில் தீர்கிற விஷயம் இல்லை.

கை படாத பசுமை வேண்டுமென்றால் பாறைச் சுவர்களின் ஊற்றுக்கசிவுகளைக் காட்டியிருக்கலாம். பீடபூமியில் விழும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்கி, நீர் புகாத அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் கசிகின்றன. அந்த ஈரத்தில் மெய்டன்ஹேர் பெரணி கொத்துக்கொத்தாகத் தொங்கும். காம்பு கறுத்து, பளபளவென்று, முடி கனம்தான் இருக்கும். தண்ணீர் தெளித்தாலும் இலை நனையாது. முத்து முத்தாக உருண்டுவிடும். கசிவு முடிகிற இடத்தைத் தாண்டினால் சில அடிகளிலேயே கள்ளி. மேலே நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் இந்த ஊற்றுகள் மெலிந்துவிடும். அப்புறம் பெரணிக்குப் போக்கிடம் கிடையாது.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, இந்தத் தொங்கும் தோட்டங்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். ஸ்டான்டன் குழுவின் பழைய படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி