பனிக்குடம் உடைந்த மணியைக் குறித்து வையுங்கள்

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சிசேரியன் செய்துவிட்டால் குழந்தை தப்பிவிடும் என்பதுபோல முடிகிறது. அது அவ்வளவு எளிதல்ல. தாயின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. மருந்தே இல்லாவிட்டால், தாய்ப்பால் வழி தொற்றுவதையும் சேர்த்து, நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரை தொடங்கி வைரஸ் அடங்கியிருந்தால், பிரசவத்தில் தொற்றுவது நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்ப்பது அதனால்தான். அது ஒரு மில்லிக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், வலி வருமுன் 38-ஆவது வாரத்தில் செய்யும் சிசேரியனுக்குப் பலன் உண்டு. பனிக்குடம் உடைந்து நேரமான பிறகு அறுத்தால் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும்.

வைரல் லோடு இறங்கவில்லை என்றதும், மாத்திரையை விட்டுவிட்டாள் என்று பெண்ணைத் திட்டிவிடுகிறார்கள். அவள் விடாமலே இருந்திருக்கலாம். எச்.ஐ.வி.க்கு இப்போது தரும் கூட்டு மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு விழுங்கினால், அவை மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தடையில்லை. இல்லையென்றால் கூட்டு மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து அவை. அவற்றை முதலில் போட்டுவிட்டால் கூட்டு மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் டானிக்குக்குச் சாப்பாட்டுச் சலுகையும் கிடையாது; எப்போதும் இதே இடைவெளி வேண்டும்.

கட்டுரையில் வராத இன்னொன்று எங்கள் ரோடு. சேரம்பாடி எஸ்டேட் லைனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) உதகை ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் இரண்டரை, மூன்று மணி நேரம் போய்விடும். மழையில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. வைரஸ் அடங்காத தாய்க்குக் குடம் உடைந்து 4 மணி நேரம் தாண்டினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். எனவே உடைந்த மணியைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஆஸ்பத்திரியில் முதலில் அதைக் கொடுங்கள். முடிந்தால் பிரசவத் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. பிரசவ அறையிலும் அவசரப்பட்டுக் குடத்தைக் கீறிவிடுவது, பிறப்பு வழியில் அவசியமில்லாத வெட்டு, வேக்குவம் கருவியால் குழந்தையை இழுப்பது, அடிக்கடி உள் பரிசோதனை இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் எச்.ஐ.வி. 'இல்லை' என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி ஒன்பது மாதமும் இருந்துவிட முடியாது. கர்ப்பத்தின் நடுவில் புதிதாகத் தொற்றினால் வைரஸ் உச்சத்தில் இருக்கும். கணவருக்கும் சோதனை வேண்டும். சந்தேகம் இருந்தால் கடைசி மூன்று மாதத்தில் மறுசோதனை.

பிறந்த குழந்தைக்கு நெவிரபின் சொட்டு மருந்தை அன்றே தொடங்கி, குறைந்தது 6 வாரம் தினமும் தர வேண்டும். எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் என்றால் 1.5 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்க வேண்டும்; டீஸ்பூன் என்றால் 5 மில்லி, மூன்று மடங்குக்கு மேல். தாய்ப்பால் கொடுப்பதென்றால் ஆறு மாதம் அது மட்டுமே. சேனை, உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் எதுவும் சேரக் கூடாது. கலந்து கொடுக்கும்போது குடலின் உள்தோல் புண்பட்டு வைரஸுக்கு வழிவிடும். காம்பில் வெடிப்போ மார்பில் கட்டியோ இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் அன்றே காட்டுங்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்குப் 'பாசிட்டிவ்' என்று வந்தால் உடனே கலங்க வேண்டாம். அது காட்டுவது வைரஸை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை; தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் 18 மாதம் வரை தங்கும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் எடுக்கும் ரத்தச் சொட்டுச் சோதனை வைரஸையே தேடும்; அதற்கு நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கேளுங்கள்.

ஒரு மகப்பேறு செவிலியர்,
கூடலூர், நீலகிரி