பாப்பாவுக்குச் சைக்கிள் வாங்கியாயிற்று, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கையில் கிடைத்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். "விலாசம் ஏதும் மாறிவிட்டதா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. விலாசம் மாறவில்லை. அதே வீடு, அதே மூன்றாம் மாடி. நான்தான் சோம்பேறி. போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுகிறாள். அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். குளிர்தான். காலையில் வெளியே போனால் மூக்குக்குள் இருக்கிற ஈரமே உறைந்து நறநறக்கிறது. வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, கவலை வேண்டாம். நாங்கள்தான் குறைத்து வைத்திருக்கிறோம், அதிகம் வைத்தால் தோல் வறண்டுவிடுகிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் போதும்.

உங்கள் கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. "பாப்பா சைக்கிள் ஓட்டுகிறாளா" என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான், "தாத்தா கேட்டிருக்கார், எங்கே என் சைக்கிள்" என்று பிடித்துக்கொண்டாள். எழுந்தால் அது, படுத்தால் அது.

கடையில் 4 வயதுப் பிள்ளைக்கு என்று கேட்டால் 12, 14, 16 அங்குலம் என்று மூன்றையும் காட்டுகிறார்கள். சக்கரத்தின் அளவாம் அது. நான் அம்மாவுக்குப் பிறந்தவள் இல்லையா, வளருகிற பிள்ளை, பெரிசாகவே வாங்கினால் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு வேறு வாங்க வேண்டாமே என்று 16 பக்கம் போனேன். உங்கள் மாப்பிள்ளை விடவில்லை. வயதைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டிலேயே அவளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, இரண்டு காலுக்கும் நடுவே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை மேலே முட்டும்வரை ஏற்றி, அதன் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து வைத்திருந்தார். 43 சென்டிமீட்டர். சீட்டை அடிவரை இறக்கினால் அவள் பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், அதுதான் கணக்கு. கடையில் 16-ல் ஏற்றி உட்கார வைத்தபோது கால் கட்டைவிரல் மட்டும்தான் தொட்டது. பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். 14 வாங்கினோம்.

பெட்டி கொஞ்சம் கிழிந்திருந்தது. யாரோ வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாம், சைக்கிள் என்னவோ புத்தம் புதிதுதான். கடையிலேயே பூட்டித் தருவார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நாமே பூட்டினால் அது ஒரு சந்தோஷம் இல்லையா?

பின் சக்கரமும் செயினும் மாட்டியே வந்திருந்தன. முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு, பெடல், இரண்டு சைடு வீல், இவ்வளவுதான் நம் வேலை. மாப்பிள்ளை அன்றைக்கு ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். அவருக்கு இப்போது பகலில் நிறைய நேரம் கிடைக்கிறது, நாலு பேரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கூடத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்தேன். பாப்பா நட்டுகளை எண்ணுகிறேன் என்று தன் காலுறைக்குள் போட்டுவைத்துக்கொண்டாள்.

வலது பெடல் ஒழுங்காக ஏறியது. இடது பெடல் ஏறவே மாட்டேன் என்கிறது. அழுத்தித் திருகுகிறேன், கோணலாகப் போகிறது. மரை போய்விடுமோ என்று பயந்து நிறுத்தியபோதுதான் நீங்கள் திண்ணையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு, "இடது காலுக்கு இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பு" என்று தம்பியை அதட்டுவது காதில் கேட்டது. அப்போது நான் எங்கே கவனித்தேன்! மிதிக்கிற மிதியிலேயே பெடல் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இடது பக்கத்துக்கு மாற்று மரை என்று சொல்வீர்களே. எதிர்ப்பக்கம் திருப்பினேன், வெண்ணெய் மாதிரி உள்ளே போனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கூத்து. அளவுகோல் தாத்தாவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? எதிர் வீட்டுக்காரர், தினமும் காலையில் கீழே இறங்கி, பனியில் இரும்பு அளவுகோலைக் குத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போவாரே, அவரேதான். யாரிடமும் பேச மாட்டார். நான் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டோ என்னவோ, கதவைத் தட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து சைக்கிளை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரத்தைக் காட்டித் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கிற கவை இருக்கிறதே, அந்த ஃபோர்க்கைப் பின்பக்கம் திரும்பியபடியே வைத்து ஹேண்டில்பாரைப் பூட்டியிருக்கிறேன், அப்பா! பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று அதைத் திருப்பி வைத்து அனுப்புவார்களாம். ஃபோர்க்கின் அடிப்பகுதி முன்னால் வளைந்து போக வேண்டும், என்னுடையது பின்னால் வளைந்து சக்கரம் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே ஓட்டியிருந்தால் திருப்பும்போது பாப்பா கால் சக்கரத்தில் இடித்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றினோம். பெட்டியில் வந்த ஸ்பானர் வெறும் தகடு, வளைந்தே போயிற்று. தாத்தா போய்த் தன் 15-ஆம் நம்பர் ஸ்பானரை எடுத்துவந்தார். ஹேண்டில்பாரை எவ்வளவு மேலே இழுக்கலாம் என்பதற்குத் தண்டிலேயே ஒரு கோடு போட்டிருக்கிறது, அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. சீட்டுக் கம்பியிலும் அதே மாதிரி ஒரு கோடு. அதை விரலால் மூன்று முறை தொட்டுக் காட்டினார், எனக்குப் புரிந்த பிறகும் விடவில்லை.

சைடு வீலில்தான் எங்களுக்குள் சண்டை. பிள்ளை ஆடாமல் இருக்கட்டும் என்று நான் இரண்டையும் தரையோடு தரையாக வைத்துப் பூட்டினேன். அவர் அளவுகோலை எடுத்து வைத்து 1 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும் என்கிறார். பனி அளக்கிற அதே அளவுகோல்! நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேசாமல் இரண்டு தடிப் புத்தகங்களை எடுத்து இரண்டு சைடு வீலுக்கும் அடியில் வைத்தார். பின் சக்கரம் அந்தரத்தில் நின்றது. இந்த வண்டிக்குப் பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் பிரேக், பின் சக்கரத்தில் மட்டும். அவர் பெடலைப் பின்னால் அழுத்தினார், பின் சக்கரம் கெட்டியாகப் பிடித்து நின்றது. அப்படியே வண்டியைக் கையால் தள்ளினார், அது பாட்டுக்குப் புத்தகத்தின் மேல் உருண்டு போயிற்று. சாலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் இதே கதிதான். நான் வாயை மூடிக்கொண்டு 1 சென்டிமீட்டர் ஏற்றினேன். வண்டி லேசாக ஒரு பக்கம் சாயத்தான் செய்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

போகும்போது பெடல் இரண்டையும் சைடு வீலையும் காட்டி, கழற்றிவிடு, காலால் தள்ளிப் பழகட்டும் என்று சைகை செய்தார். அதைத்தான் சரியான வழி என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சைடு வீலில் பிள்ளைகள் மிதிக்கப் பழகுகிறார்களே தவிர பேலன்ஸ் வருவதில்லை. இருக்கட்டும், இப்போதுதான் பூட்டினேன், அதற்குள் கழற்ற மனசு வருமா? இந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். எல்லாருக்கும் வேலை, குளிர் வேறு, யார் வெளியே கிளம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் கீழே கார் நிறுத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்குள் கல் மாதிரி காற்றடித்த டயர் வெளியே கொஞ்ச நேரத்தில் லேசாகத் தளர்ந்துவிட்டது. பஞ்சர் என்று பதறினேன். குளிரில் உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். ஹெல்மெட் குல்லாய்க்கு மேல் உட்காரவில்லை, மெல்லிய துணித் தொப்பிதான் போட முடிந்தது. பயம் வந்தால் பாப்பா பின்னால் மிதிக்கிறாள், பிரேக் பிடித்து வண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. "சைக்கிள் கோவமா இருக்கு" என்கிறாள். கடைசியில் சைடு வீல் கடகடக்க சுவர் வரை போய்விட்டாள்.

மேலே கொண்டுவருவதற்காக வண்டியை நான் படிக்கட்டு வரை உருட்டி வந்தேன். அந்தச் சின்னச் சக்கரங்கள் கடகடத்தன. மற்றபடி எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. வாசலுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. இந்தப் பின்மிதி பிரேக் வண்டியில் ஃப்ரீவீல் சத்தம் கிடையாது, அப்பா. நீங்கள் தெருமுனையில் இறங்கி உருட்டிக்கொண்டு வரும்போது டிக் டிக் டிக் என்று கேட்குமே. அம்மா எழுந்து விளக்கைப் போடுவாள், தம்பி புத்தகத்தைத் திறப்பான். நான் அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா, "அம்மா, மூக்கு உறையுதா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா பொதுச்சுவர் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் தம்பி வரும்வரை போட வேண்டாம். வாய்ச்சொல்லாக அவர் எதுவும் சொல்லட்டும், அளந்த பிறகுதான் கையெழுத்து. அத்தை வந்து அழுதாலும் இதையே சொல்லுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். அக்கா முதலில் கட்டட்டும், என் பங்கை நான் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மொத்தமாக அனுப்பிவிடுகிறேன். இங்கே வங்கியில் ஏதோ காகிதம் மாற்றுகிறார்கள், அதனால்தான் தாமதம். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

உங்கள் பழைய சைக்கிளைத் தம்பி பழைய இரும்புக்குப் போடப்போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். முழங்கால் இப்படி இருக்கும்போது நீங்களும் ஏறப்போவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டுதானே நிற்கிறது, போடட்டும். பின் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் அக்கா கேட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அம்மாவிடம் தேய்த்ததாகச் சொல்கிறீர்களா?

அன்புடன்,
உங்கள் சின்ன மகள்

பி.கு.: அந்த 15-ஆம் நம்பர் ஸ்பானர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தாத்தா வந்து கேட்கவில்லை, நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.