காவிப் பல்லும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரத் தங்கள் ஞாயிறு மலரில், சுகாதாரப் பக்கத்தில் பல் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையும் இரவும் துலக்க வேண்டும், ஈற்றோரத்தில் அழுக்குத் தங்க விடக்கூடாது என்றெல்லாம் நல்ல விடயங்களே சொல்லப்பட்டிருந்தன. நடுவில் ஒரு வரி: "வன்னிச் சிறுவர்களின் பற்களில் காணப்படும் பழுப்புக் கறைகள் பெற்றோரின் அக்கறையின்மைக்குச் சான்று." எழுதியவரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நின்றன. அவற்றை மதித்தே இதை எழுதுகிறேன்.

அந்த அக்கறையற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் நான் ஓய்வுபெறும்வரை பாடம் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பின்னலின் நுனியை வாயருகே பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்வாள். முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே காவி நிறக் கோடுகள். அதே வகுப்பில் ஒரு பையன் ஓட்டுத் துண்டை இடித்துத் தூளாக்கித் தேய்த்துத் தேய்த்து ஈற்றைக் கிழித்துக்கொண்டு வந்தான். கறை அப்படியே இருந்தது. துலக்காத பிள்ளைகள் இல்லை ஐயா, துலக்கியே புண்ணாகிப் போன பிள்ளைகள்.

காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. சிறுநீரக நோய் பற்றிப் பரபரப்பாகப் பேசப்பட்ட காலத்தில் வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது தங்கள் பத்திரிகைதானே. உலர் வலயத்தின் பாறைகளிலிருந்து புளோரைட்டு என்னும் உப்பு தண்ணீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் அதிகம் தண்ணீர் குடிக்கும் நம் நாட்டின் தரம் 1.0 தான். எங்கள் பக்கத்துக் குழாய்க்கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியவை. ஆழம் கூடினால் பெரும்பாலும் புளோரைட்டும் கூடும். பிறந்ததிலிருந்து எட்டு வயதுவரை, நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும்போது அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல் முளைக்கும்போதே மேற்படலம் பழுதுபட்டு முளைக்கும், பிறகு அதில் காவி ஏறும். எந்தப் பற்பசையாலும் அது போகாது. கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். போருக்குப் பின் மீள்குடியேறி வந்தபோது எங்களுக்குத் துளைத்துக் கொடுக்கப்பட்ட கிணறுகளில் இதை யார் பரிசோதித்தார்கள்? திறப்பு விழாவுக்குத் தங்கள் நிருபர் வந்திருந்தார். படமும் வெளியாகியது.

அக்கறை பற்றிப் பேசியதால் சொல்கிறேன். தொண்ணூறுகளில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்தபோது உமிக்கரியாலும் வேப்பங்குச்சியாலும் துலக்கியவர்கள் நாங்கள். 2009இல், போரில் இடம்பெயர்ந்து வந்த எங்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில், வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் ஒரு பேணியைப் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கவென்று மூடி வைத்த தாய்மாரை என் கண்ணால் கண்டேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகிவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு அக்கறை இல்லையாம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். ஆறு வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதுவும் விழுகிற பல்தான் என்று வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். 1950களிலிருந்து மகரகமையில் பயிற்சி பெற்று வருகிறார்கள். நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையில் அவர்களைக் கண்ட பிள்ளைகள் குறைவு. என் மாணவன் ஒருவனுக்கு அந்தப் பல்லில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளி விழுந்தது. தாய் கூலி வேலையை விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றாள். பல் துளைக்கும் கருவிக்குக் காற்றுக் கொடுக்கும் இயந்திரம் பழுது. அது இல்லாமல் துளைத்து அடைக்க முடியாது. பிடுங்குவதற்கு மட்டும் இயந்திரம் தேவையில்லை. மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாள், இயந்திரம் திருத்தப்படவில்லை, குத்தல் தாங்க முடியாமல் போயிற்று. ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல் பத்து வயதுக்கு முன் குப்பைக்குப் போனது. வருமுன் காப்போம் என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பு!

கட்டுரையாளருக்கு வெற்றிலை நினைவுக்கு வரவில்லை. பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டுவிட்டது. என் அண்ணருக்குப் பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகிக் கரண்டி நுழைய இடமில்லாமல் போயிற்று. ஆனால் பெரியவர்களைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், பிள்ளைகளைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? போகட்டும். அந்தக் கட்டுரையின் கீழேயே அரைப் பக்கத்துக்கு ரொபி விளம்பரம் போடுவது தங்கள் வியாபாரம், அதில் நான் தலையிடவில்லை.

இன்னொன்றும் அஞ்சுகிறேன். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், புளோரைட்டு என்றாலே நஞ்சு என்று சிலர் பற்பசையைத் தூக்கி எறியக்கூடும். அதுவும் பிழை. பல்லின் மேற்பரப்பில் படும் சிறிதளவு புளோரைட்டு சூத்தைப் பல்லைத் தடுக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசிமணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு, விழுங்காமல் துப்பப் பழக்கினால் போதும். ஈற்றில் இரத்தம் கசிகிறதென்று துலக்குவதை நிறுத்தவும் கூடாது. அழுக்குத் தங்கியதால்தான் பெரும்பாலும் கசிகிறது, நிறுத்தினால் கூடும்.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த ஒரு வரி தவறு என்று அடுத்த ஞாயிறு மலரில் ஒரு பெட்டிச் செய்தி. அதோடு, கிணற்று நீரின் புளோரைட்டு அளவைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம் என்றும், கூடுதலாக இருந்தால் சிறு பிள்ளைகளுக்கு மழைநீரையோ அளவு குறைந்த வேறு கிணற்று நீரையோ குடிக்கக் கொடுக்கலாம் என்றும் இரண்டு வரி. இடம் போதாவிட்டால் அந்த ரொபியை ஓர் அங்குலம் சுருக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வவுனியா வடக்கு