டிரெய்லர் இழுக்க எந்த வண்டி?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவு மும்முரம். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்து, டவுன் வரை நடந்தே போய்வருகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டெக்சாஸிலிருந்து கொலராடோ மலைக்கு டிரெய்லர் வீட்டோடு போகப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஃபோர்டின் எஃப்-150 பிக்அப் வண்டி ஐந்து டன் இழுக்கும் என்று விற்பவர் சொன்னதை மட்டும் நம்பி வாங்கிவிடாதே. இழுத்துவிடும்தான். சுமக்குமா, இறக்கத்தில் அடங்குமா என்று பார்.

மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் இல்லையா? அதனால்தான் கொஞ்சம் முன்பாரம் வைத்து ஏற்றுவார்கள். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், வண்டியின் பின்னால் அதை மாட்டும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். உன் டிரெய்லர் சாமானோடு 3,500 கிலோ என்றால், 13 சதவீதத்துக்கு ஏறக்குறைய 450 கிலோ. நீங்கள் ஐந்து பேரும் 330 கிலோ என்று வை. கொக்கிச் சாமான் 40 கிலோ. ஆக 820 கிலோ. நீ எழுதிய வண்டியின் கதவு ஸ்டிக்கரில், அதாவது வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில், இருப்பதோ 1,550 பவுண்டு, சுமார் 700 கிலோ. பெட்டி படுக்கை ஏற்றுவதற்கு முன்பே மீறிவிட்டது.

டிரெய்லர் விளம்பரத்தில் போடுவது காலி எடை. 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ கூடும். பாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கொக்கி அவசியம் வாங்கு. அது பின் அச்சின் பாரத்தை முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் பகிரும். ஆனால் வண்டியின் சுமை வரம்பை அது கூட்டாது.

காற்றையும் நினை. ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் காலி லாரியையே ஒதுக்கித் தள்ளுமே! 30 அடி டிரெய்லரின் பக்கவாட்டில் அப்படி அடித்தால், முன்னால் கனமான, வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) நீளமான வண்டி இருந்தால்தான் பிடித்து நிறுத்த முடியும்.

எனக்குப்பட்டது அதைவிடக் கனமான எஃப்-250, பெட்ரோல் இன்ஜின். டீசல் மலை ஏற நல்லது, இறக்கத்தில் புகைபோக்கியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கைகொடுக்கும். ஆனால் அந்த இன்ஜினின் எடையே சுமையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எதை வாங்கினாலும், டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கட்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்கு, பிரேக்கிலேயே கால் வைத்திருக்காதே. முதல் பயணத்துக்கு முன் எல்லாரும் ஏறி, எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடு.

பட்ஜெட் இடித்தால் டிரெய்லரைச் சின்னதாக்கு. வண்டியைச் சின்னதாக்காதே. தங்கச்சியும் இதற்குச் சம்மதிக்கும் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்,
பாளையங்கோட்டை